கதவு மூடிய செய்தி

ஜனவரி 8

குட்டியின் அப்பாவுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் நலமா என்று கேட்டால் மூன்று பக்கத்துக்குப் பதில் வரும் என்று தெரிந்தேதான் கேட்கிறேன்.

உங்கள் டாக்டர் எனக்குப் போன் செய்தார். ஏன் உங்கள் போனை எடுப்பதில்லை என்று கேட்டார். "எடுத்தா, 'வேன்ல கடைசி சீட்டைப் பாத்துட்டு இறங்கினியா'ன்னு கேப்பார், டாக்டர். பாத்தேன்னு சொல்வேன். 'நல்லாப் பாத்தியா'ம்பார். நல்லாப் பாத்தேன்னு சொல்வேன். வெச்ச உடனே மறுபடியும் அடிப்பார். சோறு ஆறிப் போயிடும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "நீங்க பதில் சொல்லச் சொல்ல அது நோய்க்குத் தீனி போட்ட மாதிரிம்மா. எடுக்காம இருந்தது தப்பே இல்லை" என்றார்.

கல்யாணமான இந்தப் பன்னிரண்டு வருஷத்தில், இந்த விஷயத்தில் என் மேல் தப்பில்லை என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். போனை வைத்துவிட்டுப் பள்ளிக்கூட வேனின் ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் அழுதேன். பள்ளிக்கூட மணி அடித்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

காந்தத்தால் செய்கிற வைத்தியம் என்றார். தலையில் ஹெல்மெட் மாதிரி ஒன்றை மாட்டி, அதற்குள்ளிருந்து காந்தத் துடிப்பு மூளையைத் தட்டுமாம். கத்தி இல்லை, மயக்க மருந்து இல்லை. மாத்திரையும் பேச்சு வைத்தியமும் உங்களைப் பாதி வழிவரைதான் கொண்டுவந்து விட்டன, மீதி வழிக்கு இதைச் செய்து பார்ப்போம் என்றார். "செய்யுங்க டாக்டர், அதை ஏன் எங்கிட்ட சொல்றீங்க?" என்றேன். அப்போதுதான் விஷயத்துக்கு வந்தார்.

மெஷினைப் போடுவதற்குச் சற்று முன்னால் உங்கள் பயத்தைக் கிளப்பிவிட வேண்டுமாம். இரும்பு சூடாக இருக்கும்போதுதானே வளைக்க முடியும் என்றார். உங்கள் பயத்தைக் கிளப்ப என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? அதனால் நான் தாள் எழுதி, உறையில் ஒட்டி, மெஷினை ஓட்டுகிற சிஸ்டர் பெயருக்கு அனுப்ப வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்ததும் நீங்கள் ஒரே ஒரு முறை படிப்பீர்கள். உடனே அவர் வாங்கி வைத்துக்கொள்வார். எழுதியது நடந்ததா, கற்பனையா என்று நான் சொல்லக் கூடாது. ஆறுதலாக ஒரு சொல்கூட எழுதக் கூடாது.

"பயப்படாதீங்க, பயப்படாதீங்கன்னு சொல்லியே ஓய்ஞ்சவ நான். இப்ப பயமுறுத்தச் சொல்றீங்களா?"

"ஆமாம்மா. கொஞ்சம் அளவா."

எழுதுகிறேன். இதை வைத்து வேறு எதுவும் கணக்குப் போட வேண்டாம். நான் திரும்பி வருவதாக யாரிடமும் சொல்லவில்லை.

அப்பா தலையில் காந்தம் வைத்தால் ஸ்பூன் எல்லாம் பறந்து வந்து ஒட்டிக்கொள்ளுமா என்று குட்டி கேட்கிறாள். பதில் எழுதுங்கள்.

குட்டியின் அம்மா


ஜனவரி 15

குட்டியின் அம்மாவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்து ஏழு மாதம் ஆயிற்று. உறையைப் பிரிக்காமல் மேஜையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத ஒப்புக்கொண்டதற்கு நன்றி என்று எழுதினால் உனக்குப் பிடிக்காது. அதனால் எழுதவில்லை.

ஸ்பூன் ஒட்டாது என்று குட்டியிடம் சொல். ஆனால் அந்த அறைக்குள் சாவி, கடிகாரம், பெல்ட், ஒன்றும் கொண்டுபோகக் கூடாது. என் ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து சிஸ்டர் தனியாக ஒரு தட்டில் வைத்தார். குழந்தையைத் தூக்கி வைக்கிற மாதிரி வைத்தார்.

அறை சின்னது. பல் டாக்டரிடம் இருக்குமே, அந்த மாதிரி சாயும் நாற்காலி. தலைக்கு ஒரு துணித் தொப்பி, அதன் மேல் பென்சில் கோடுகள். காதுக்குப் பஞ்சு. எனக்கு எவ்வளவு வேகம் தேவை என்று முதல் நாள் அளந்து பார்த்தார்கள். காலை அசைக்கிற இடம் மூளையின் உச்சியில் இருக்கிறதாம். அதற்கு நேராக ஹெல்மெட்டை நகர்த்தி, "அசையாம இருங்க" என்றார் டாக்டர். டக்.

என் வலது கால் கட்டைவிரல் எழுந்து நின்றது.

நான் சொல்லவில்லை. நினைக்கக்கூட இல்லை. டக் என்றால் எழுகிறது, மறுபடி படுத்துக்கொள்கிறது. பிறந்ததிலிருந்து என்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்த விரல், யாரோ கூப்பிட்டதும் "இதோ வந்தேன்" என்று எழுந்து போகிறது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. "வலிக்குதா?" என்றார் டாக்டர். "இல்லை, இன்னொரு தடவை பண்ணுங்க" என்றேன்.

இந்த வைத்தியம் எனக்கு எதற்கு என்று அவர் விளக்கப் பார்த்தார். மூளைக்குள் ஒரு வட்டம், அதில் செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றார். எனக்குச் சரியாக ஏறவில்லை. பிறகு என் தொழிலில் வைத்து நானே புரிந்துகொண்டேன். லிஃப்ட் கதவு மூடினால், மூடியாயிற்று என்று ஒரு சின்னத் தகடு மேலே செய்தி அனுப்பும். அந்தத் தகடு கெட்டுப்போனால், கதவு நன்றாக மூடியிருந்தாலும் செய்தி போகாது. லிஃப்ட் கிளம்பாது. திறக்கும், மூடும், திறக்கும், மூடும். உள்ளே நிற்கிறவர்கள் பட்டனை அமுக்கி அமுக்கிச் சலித்துப்போவார்கள். "கதவுல கோளாறு இல்லை டாக்டர், கதவு மூடின செய்திதான் எனக்கு வந்து சேரல" என்றேன். அவர் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். "இனிமே எல்லாருக்கும் இதையே சொல்லப் போறேன்" என்றார்.

உள்ளே நின்று பட்டனை அமுக்கிச் சலித்துப்போனவர்களில் நீயும் ஒருத்தி.

குட்டியின் அப்பா


ஜனவரி 19
(சிஸ்டர் வழியாக)

மாலை கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு வேனை ஷெட்டில் விட்டேன். தூறல். குடை கொண்டுபோகவில்லை. இறங்கி ஓடி வந்துவிட்டேன். வீட்டில் தலையைத் துவட்டும்போதுதான், கடைசி சீட்டுக்குக் கீழே ஏதோ கிடந்த மாதிரி ஒரு நினைவு. பையாக இருக்கலாம். நீல நிறம். பிள்ளைகளின் சீருடையும் நீலம்தான்.

ஷெட்டைப் பூட்டிவிட்டார்கள்.


ஜனவரி 28

குட்டியின் அம்மாவுக்கு,

நீல நிறம் என்று ஏன் எழுதினாய்? அளவாக என்றுதானே சொன்னார்?

படித்து முடித்ததும் உள்ளங்கை நனைந்துவிட்டது. "சிஸ்டர், ஒரே ஒரு போன்" என்றேன். "போன் இல்லை சார், ஹெல்மெட்தான் இருக்கு" என்று மாட்டிவிட்டார். மரங்கொத்தி மாதிரி ஒரு மூச்சு நேரம் தட்டும், நிற்கும். மறுபடி தட்டும். நிற்கிற நேரம்தான் கொடுமை. அந்த அமைதியில் உன் ஷெட் தெரிகிறது, பூட்டு தெரிகிறது, சீட்டுக்கடியில் நீலம் தெரிகிறது. சிஸ்டர் பக்கத்திலேயே நின்று, "அதையே நினைங்க, தள்ளிவிடாதீங்க" என்கிறார். தள்ளாமல் இருப்பதற்கு எவ்வளவு பலம் வேண்டியிருக்கிறது தெரியுமா? ஏழு மாடி ஏறி மோட்டாரைத் தூக்கியிருக்கிறேன், இவ்வளவு வியர்த்ததில்லை.

உள்ளதைச் சொன்னால், இதுவரை ஒன்றும் மாறவில்லை. தலைவலி இருக்கிறது. வீட்டுக்கு வந்து கேஸ் அடுப்பைப் பழையபடி பார்க்கிறேன், பூட்டை இழுக்கிறேன், படி இறங்கி மறுபடி ஏறுகிறேன்.

எனக்கு முந்தின நேரத்தில் ஒரு தையல்காரர் வருகிறார். மனச்சோர்வு. ஊசியில் நூல் கோக்கக்கூடக் கை எழவில்லையாம். அவருக்கு வேறு இடத்தில், நெற்றிக்குப் பக்கத்தில் வைத்துத் தட்டுகிறார்கள். "உங்களுக்கு எதாவது தெரியுதா?" என்று கேட்டேன். "எனக்கு இன்னும் லைட்டு எரியலைங்க. உங்களுக்கு முதல்ல எரிஞ்சா சொல்லுங்க, அந்த வெளிச்சத்துல நான் ஊசி கோத்துக்கறேன்" என்றார். இருவரும் சிரித்தோம். அவர் சிரித்ததை சிஸ்டர் ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னார்.

வேனில் கிடந்தது என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று எழுதுவதும் ஒரு வகையில் கேட்பதுதான் என்று டாக்டர் சொல்வார்.

குட்டியின் அப்பா


பிப்ரவரி 3

குட்டியின் அப்பாவுக்கு,

உங்களுக்கு வியர்த்தது என்றால் எனக்கு மட்டும் குளுகுளுவென்று இருந்தது என்று நினைக்காதீர்கள். அந்தத் தாளின் கடைசி வரிக்குப் பிறகு பேனா தானாக "க" என்று எழுதிவிட்டது. கவலைப்படாதீர்கள் என்று எழுதத்தான். அடித்துவிட்டு வேறு தாளில் முதலிலிருந்து எழுதினேன். உங்கள் கட்டைவிரல் மாதிரிதான் என் பேனாவும்.

ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் பெற்றோர்களுக்கெல்லாம் போன் போட்டு, "பிள்ளை வீட்டுக்கு வந்து சேர்ந்துச்சா, நீங்களே பாத்தீங்களா" என்று கேட்டதால்தான் நான் கிளம்பினேன் என்று ஊரே நினைக்கிறது. நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்கள். பள்ளிக்கூடத்தில் என்னை நிற்கவைத்து, "உங்க வீட்டுக்காரருக்கே உங்க மேல நம்பிக்கை இல்லையாம்மா?" என்று கேட்டார்கள். அது வலித்தது. ஆனால் அதற்காக நான் வீட்டை விட்டிருக்க மாட்டேன்.

அடுத்த நாள் காலை பள்ளிக்கூடம் கிளம்பும்போது, குட்டி வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய்க் குழாயைத் தொட்டாள். வந்தாள். மறுபடி போனாள். "என்னடி?" என்றேன். "ஒரே ஒரு தடவைம்மா, மூடியிருக்கான்னு மட்டும்" என்றாள். குரல் அவளுடையது, சொல் உங்களுடையது. அன்று சாயங்காலமே துணி எடுத்து வைத்தேன். அக்கா வீடு இருக்கும் இந்த ஊர்தான் நினைவுக்கு வந்தது.

இங்கே வந்த பிறகு அவளுக்கு அது விட்டுப்போயிற்று. இப்போது குழாயைத் திறந்து போட்டுவிட்டு விளையாட ஓடுகிறாள். தொட்டி காலியாகி அக்கா கத்துகிறாள். திட்டுவதா, சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் நான் நடுவில் நிற்கிறேன்.

அடுத்த தாளும் இந்த உறையிலேயே இருக்கிறது. சிஸ்டர் பெயர் எழுதியதை நீங்கள் பிரிக்கக் கூடாது.

குட்டியின் அம்மா


பிப்ரவரி 14

இதை நேராக உங்களுக்கே எழுதுகிறேன். ஷெட் காவலாளி இன்று காலை என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "உங்க வீட்டுக்காரர்னு ஒருத்தர் நேத்து வந்தாரும்மா. ஜன்னல்ல முகத்த வெச்சு உள்ள பாத்துட்டு நின்னார். யாருன்னு கேட்டதும் போயிட்டார்." பக்கத்தில் பள்ளிக்கூட மேனேஜர் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன்.

இதையும் அந்த ஊரோடு விட்டுவிட்டேன் என்றுதானே நினைத்தேன்? இங்கேயும் வரத்தான் வேண்டுமா? நான் ஒரு தாளில் எழுதுகிற நாலு வரி உங்களை பஸ் ஏற்றி இவ்வளவு தூரம் கொண்டுவரும் என்றால், அது வைத்தியமா, வினையா?

டாக்டரிடம் சொல்லிவிட்டேன். இனி என்னிடமிருந்து தாள் வராது. கடிதமும் வராது.


பிப்ரவரி 18

குட்டியின் அம்மாவுக்கு,

நீ கோபப்பட்டது நியாயம். வந்ததற்குச் சமாதானம் சொல்ல இதை எழுதவில்லை. அங்கே நடந்ததை உன்னிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

கடைசி சீட்டைப் பார்க்கத்தான் வந்தேன். காவலாளி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். முன் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். உன் சால்வை சீட்டின் மேல் மடித்துக் கிடந்தது. பக்கத்து ஜன்னல் வழியாக நடுவரிசையைப் பார்த்தேன். கடைசி சீட்டைப் பார்க்கப் பின்பக்கம் சுற்றிப் போக வேண்டும். போனேன். பாதியில் நின்றேன்.

அங்கே யாராவது இருந்தால் என்ற எண்ணம் எப்போதும் போல வந்தது. ஆனால் எப்போதும் அதற்குப் பின்னாலேயே ஒரு கை வந்து கழுத்தைப் பிடித்து நெட்டித் தள்ளும். நீ பார்த்திருக்கிறாய், சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்து ஓடியிருக்கிறேன். அந்தக் கை வரவில்லை. காத்துக்கொண்டு நின்றேன். வரவேயில்லை. பார்க்கலாம், பார்க்காமலும் போகலாம். இரண்டு வழியும் திறந்து கிடந்தது. எனக்கு நினைவு தெரிந்து அப்படி இருந்ததே இல்லை. பயமாக இருந்தது என்றால் சிரிப்பாய். பயமில்லாதது பயமாக இருந்தது.

அதற்குள் காவலாளி வந்து, "யார் சார்?" என்றார். சொன்னேன். பின்பக்கம் போகாமலே திரும்பி நடந்தேன். ஆமாம், கடைசி சீட்டை நான் பார்க்கவில்லை.

பஸ்ஸில் உட்கார்ந்து, இப்போது வரும், இப்போது வரும் என்று காத்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே மரங்கள் போய்க்கொண்டிருந்தன. வெயில் இலையில் பட்டு, பட்டு, போய்க்கொண்டே இருந்தது. மரம் என்று ஒன்று இருப்பதையே எத்தனை வருஷமாக நான் பார்க்கவில்லை! கண்ணில் தண்ணீர் கொட்டியது. பக்கத்து சீட்டுப் பெரியவர், "ஊர்ல எதுவும் துக்கமா தம்பி?" என்றார். "இல்லைங்க, மரம்" என்றேன். அவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "போனது தப்பு. திரும்பி வந்தது வைத்தியம்" என்றார்.

தாள் அனுப்பச் சொல்லவில்லை. சிஸ்டர் வேறு வழி கண்டுபிடித்துவிட்டார். அறை அலமாரியை என்னையே பூட்டச் சொல்லி, இழுத்துப் பார்க்கவிடாமல் நாற்காலியில் உட்காரவைக்கிறார். உள்ளே அவருடைய சாப்பாட்டு டப்பா இருக்கிறதாம்.

வந்திருக்கக் கூடாது. இனி வர மாட்டேன்.

குட்டியின் அப்பா


பிப்ரவரி 27

மெக்கானிக் சாருக்கு,

கடிதம் வராது என்று எழுதியவளே எழுதுகிறேன். முந்தாநாள் ஆஸ்பத்திரி அறைக்குள் என்னைப் பார்த்தபோது உங்கள் முகம் போன போக்கைப் பார்த்தால், தாளைவிட அதுதான் பெரிய பயம் போலிருந்தது. பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேரும் "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்" என்று நின்றோமே தவிர, வேறு என்ன பேசினோம்? பேச வராததை எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு எனக்கு வண்டி ஓடவில்லை. "இல்லைங்க, மரம்" என்ற இடத்தில் சிரித்தேன், பிறகு சிரிக்க முடியவில்லை. டாக்டரைக் கேட்டேன், வந்து பார்க்கலாமா என்று. வரச் சொன்னார். ஒரு நாள் லீவு போட்டேன்.

வளையல், சங்கிலி, வேன் சாவி எல்லாம் வெளியே தட்டில் வைத்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள். நீங்கள் வருவதற்கு முன்னால் சிஸ்டர் என்னை உட்காரவைத்து, "கையை நீட்டுங்க அக்கா, உங்களுக்கும் காட்டறேன்" என்றார். கையில் பிடித்துக்கொள்கிற மாதிரி ஒரு சின்னக் கருவியை என் முழங்கைக்குக் கீழே வைத்தார். டக். என் விரல் நாலும் குதித்தன. "ஐயோ!" என்று கத்திவிட்டேன். தோலைத் தொடவில்லை, குத்தவில்லை, சுடவில்லை. காற்று மாதிரி ஒன்று உள்ளே போய் என் விரலை எடுத்து ஆட்டிவிட்டு வந்துவிட்டது. பத்து வருஷமாக ஸ்டியரிங் பிடிக்கிற கை இது. இதை நான்தான் ஓட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு நீங்கள் வந்தீர்கள். ஹெல்மெட்டுக்குள் உங்கள் தலை சின்னதாகத் தெரிந்தது. அது தட்டத் தட்ட உங்கள் புருவம் துடித்தது. கண் மூடியிருந்தது. நான் அந்த முகத்தை எத்தனையோ விதமாகப் பார்த்திருக்கிறேன். கெஞ்சும்போது, பொய் சொல்லும்போது, அசடு வழியும்போது. பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற முகத்தை அன்றுதான் பார்த்தேன். இந்தத் தலையோடு நான் எவ்வளவு மல்லுக்கு நின்றிருப்பேன்! அழுதேன், திட்டினேன், சத்தியம் செய்தேன், பேசாமல் இருந்தேன். ஒன்றும் உள்ளே போகவில்லை. ஒரு வார்த்தை பேசாமல், டக் டக் என்று தட்டியே அது உள்ளே போய்விட்டது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

வெளியே வந்து டாக்டரைக் கேட்டேன். "அப்ப இந்த மனுஷன் பட்ட பாடு, நான் பட்ட பாடு, எல்லாம் வெறும் கரண்டுதானா டாக்டர்?"

"நீங்க லீவு போட்டுட்டு இங்க வந்து நிக்கறீங்களே, அதுவும் கரண்டுதாம்மா. அதனால அது வெறும் கரண்டு ஆயிடுமா?" என்றார்.

ஊர் வந்து சேரும்வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். இன்னும் முடியவில்லை.

இது எல்லாருக்கும் வேலை செய்வதில்லை, உங்களுக்குச் செய்ததும் அப்படியே நிற்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றும் அவரே சொன்னார். சொல்லாமல் விட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

உங்கள் கடைசி வாரத்துக்கு இரண்டு தாள் சிஸ்டரிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். நீலத்தைவிட மோசம். தாங்குவீர்கள்.

டிரைவர் அம்மா


மார்ச் 20

டிரைவர் அம்மாவுக்கு,

இரண்டாவது தாளைப் படித்துவிட்டு சிஸ்டரே, "உங்க வீட்டம்மா பேய்க்கதை எழுதலாம் சார்" என்றார்.

முடிந்தது. கடைசி நாள் அவர் ஹெல்மெட்டைக் கழற்றியபோது எனக்கு அதை விட்டுப் பிரிய மனசில்லாமல் போயிற்று. டாக்டர் அப்போதைக்கப்போது வந்து காட்டச் சொல்லியிருக்கிறார். திரும்பத் தலைதூக்கினால் மறுபடி தட்டலாம், மறைக்கக் கூடாது என்றார்.

தையல்காரருக்கு லைட்டு எரியவில்லை. அவருக்கு வேறு வைத்தியம் ஆரம்பிக்கிறார்கள். எனக்குக் கிடைத்து அவருக்குக் கிடைக்காதது ஏன் என்று டாக்டரிடம் கேட்டேன். "தெரியலை" என்றார். அவ்வளவு படித்தவர், அவ்வளவு நேராகச் சொன்னார். அவருடைய கடைக்குப் போய் என் கால்சட்டையைக் கொடுத்துவிட்டு வந்தேன். எப்போது முடியுமோ அப்போது தைக்கட்டும். அவசரமில்லை.

வேலைக்குப் போய்விட்டேன். பழைய கட்டடம் ஒன்று, அங்கே லிஃப்ட் கதவுதான் கோளாறு. பழுது பார்த்தேன், ஓட்டிப் பார்த்தேன், மோட்டார் அறையைப் பூட்டினேன், கையெழுத்துப் போட்டுவிட்டுத் தெருவுக்கு வந்தேன். சந்து திரும்பும்போது வந்தது. "போல்ட்டை முறுக்கினாயா?" நின்றேன். அது பழைய விருந்தாளி, வந்ததும் உள்ளே வந்து சட்டமாக உட்கார்ந்துகொள்ளும். நானும் எழுந்து ஓடி உபசாரம் செய்வேன். இந்த முறை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நடந்துகொண்டிருந்தேன். கடைத்தெரு தாண்டும்போது பார்க்கிறேன், ஆளைக் காணோம். எப்போது எழுந்து போயிற்று என்றே தெரியவில்லை.

நடுத்தெருவில் நின்று சிரித்தேன். யாரைக் கும்பிடுவது என்று தெரியவில்லை. டாக்டரையா, சிஸ்டரையா, காந்தத்தையா? தலைக்குள்ளே இவ்வளவு இடம் இருந்திருக்கிறது, நான் ஒரு மூலையில் ஒண்டிக் கிடந்திருக்கிறேன்.

குட்டிக்கு முத்தம்.

மெக்கானிக்


ஏப்ரல் 2

என்னங்க,

இது சிஸ்டருக்கான தாள் இல்லை. இது நடந்தது. உங்களுக்கு எழுதலாமா என்று டாக்டரைக் கேட்டேன். "இப்ப எழுதலாம்" என்றார்.

திங்கட்கிழமை காலை. பிள்ளைகளை ஏற்றி இறக்க என்னோடு வருகிற ஆயா அன்று லீவு. பள்ளிக்கூட வாசலில் எல்லாரும் இறங்கியதும் ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். இன்ஜினை நிறுத்தினேன். எழுந்து பின்னால் போனேன்.

இத்தனை மாதமும் உங்களிடம் சொல்லக் கூடாது என்று வைத்திருந்ததை இப்போது சொல்கிறேன். நான் ஒரு நாளும் பின்னால் போய்ப் பார்க்காமல் இறங்கியதில்லை. தாளில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

கடைசி சீட்டுக்கும் முன்சீட்டுக்கும் இடையில் ஒரு குழந்தை படுத்திருந்தது. புதிதாகச் சேர்ந்த வாண்டு, நாலு வயது. தூங்கிச் சரிந்து கீழே விழுந்திருக்கிறது. பையைக் கட்டிக்கொண்டிருந்தது. எல்லா ஜன்னலும் ஏற்றியிருந்தது. வெளியே வெயில்.

தூக்கினேன். கண்ணைத் திறந்து, "ஸ்கூல் வந்துடுச்சா?" என்றது.

"வந்துடுச்சு கண்ணு" என்றேன். வகுப்புவரை தூக்கிக்கொண்டு போய் விட்டேன். டீச்சர், "நல்லவேளை" என்றார். மேனேஜர், "நல்லவேளைம்மா" என்றார். ஆளுக்கொரு நல்லவேளை சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். சாயங்காலம் அதே வண்டியை நான்தான் ஓட்டினேன். அக்காவிடம் சொன்னேன். "ஒண்ணும் ஆகலையே, விடு" என்றாள். அவள் சொன்னது சரிதான். ஆனால் என்னால் விட முடியவில்லை.

யாரிடம் சொல்வது என்று யோசித்தபோது உலகத்தில் ஒரே ஒருவர்தான் ஞாபகத்துக்கு வந்தார். அந்த இரண்டு சீட்டுக்கு நடுவில் நான் பார்த்தது என்ன என்று, பார்க்காமலே தெரிந்தவர் நீங்கள்தான். உங்கள் பயத்தைப் பைத்தியம் என்று சொல்லியிருக்கிறேன். அது நிஜமான ஒன்றைப் பற்றிய பயம்தான். எனக்கு ஒரு தடவை பார்த்தால் போதும், உங்களுக்குப் போதவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். அவ்வளவு வித்தியாசத்துக்கு இவ்வளவு பெரிய வீடு உடைந்ததே.

இதைப் படித்துவிட்டு நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் போடுகிறேன்.

நான்


ஏப்ரல் 6

அன்பானவளுக்கு,

உன் கடிதத்தை ஒரு முறை படித்தேன். மறுபடி படிக்கக் கை போயிற்று. மடித்து வைத்துவிட்டேன்.

நெஞ்சு அடித்துக்கொண்டது. ஜன்னலெல்லாம் ஏற்றியிருந்தது என்ற இடத்தில் எழுந்து நின்றுவிட்டேன். பஸ் நேரம்கூட மனதில் ஓடியது. பிறகு உட்கார்ந்தேன். இதைக் கேட்டால் யாருக்குத்தான் அடித்துக்கொள்ளாது என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டது, தணிந்தது.

தணிந்த பிறகு உன்னை நினைத்தேன். எனக்கு அதிசயமாக இருந்தது. இத்தனை வருஷமும் என் பயம் ஓய்ந்ததே இல்லை, அதனால் அதைத் தாண்டி உன்னிடம் வந்து சேர்ந்ததும் இல்லை. வேனைப் பார்த்தேன், சீட்டைப் பார்த்தேன், பூட்டைப் பார்த்தேன். வேனை விட்டு இறங்கி வருகிற உன் முகத்தை ஒரு நாளாவது பார்த்தேனா என்று தெரியவில்லை. இன்றைக்கு அது தெரிந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நீ வெயிலில் நடக்கிறாய். வாய் வறண்டிருக்கிறது. "வந்துடுச்சு கண்ணு" என்கிறாய்.

வேனைப் பற்றி எனக்குக் கேட்க ஒன்றுமில்லை. உன்னைப் பற்றித்தான் கேட்கிறேன். குழந்தையை வகுப்பில் விட்டுவிட்டு வந்து நீ எங்கே உட்கார்ந்தாய்? யாராவது உனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்களா?

உன்
மெக்கானிக்


ஏப்ரல் 9

என்னங்க,

வேன் படியில் உட்கார்ந்தேன். யாரும் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வண்டி ஓடாது. நானும் குட்டியும் வீட்டில்தான் இருப்போம்.

வாங்க.